கல்லாவில் கம்ப்யூட்டர், முதலாளி கையில் மொபைல்

முதலில் கேள்வியை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். மதுரையில் பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். எல்லாம் விபி டாட் நெட் என்ற மைக்ரோசாஃப்டின் புரோகிராம் மொழி, எல்லாம் விண்டோஸ். போன மாதம் முதலாளி எல்லோரையும் உட்கார வைத்து, "இனிமே புதுசா எது செஞ்சாலும் மொபைல்லதான். டெஸ்க்டாப்புக்கு ரிப்பேர் வேலை மட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டீ குடிக்கும் நேரமெல்லாம் சண்டை. சீனியர்கள் "பால் கறக்குற மாட்டை விக்கிறாரு" என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் "இதுவே அஞ்சு வருஷம் லேட்" என்கிறார்கள். ஆறு வருட அனுபவத்தோடு நடுவில் நிற்கும் நீங்கள், யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்ததில், உங்களை உறுத்துவது அந்தச் சண்டை இல்லை என்று தோன்றுகிறது. ஆறு வருடமாகக் கற்றது செல்லாக்காசு ஆகிவிடுமா என்பது ஒன்று. முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் குதிக்கிறாரா, இல்லை யாரோ சொன்னதைக் கேட்டுக் குதிக்கிறாரா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான்; மீதி அவருடைய பேங்க் கணக்கில் இருக்கிறது.

நான் 1999-லிருந்து இதே ஊரில் இதே வேலை பார்க்கிறேன். ஃபாக்ஸ்புரோவில் ஆரம்பித்து, விபி 6, டாட் நெட், அப்புறம் ஆண்ட்ராய்டு. ஜவுளி, நகை, மளிகை மொத்த வியாபாரம், மருந்துக்கடை என்று மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் நான் ஏறி இறங்காத படி குறைவு. அதே சமயம், பொதுமக்கள் தாங்களாகவே இறக்கிக்கொள்ளும் ஆப் எதையும் நான் செய்ததில்லை. ஐபோனுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. உங்கள் முதலாளி கனவு காண்பது அந்த மாதிரி ஆப் என்றால், இதை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஆளைக் கேளுங்கள். கடைக்காரருக்குச் செய்வது என்றால் தொடர்ந்து படிக்கலாம்.

உங்கள் ஜூனியர்கள் ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டாயம் காட்டியிருப்பார்கள். இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுண்டர் 2016 அக்டோபர் மாதத்துக்கு வெளியிட்டது: உலகம் முழுக்க இணையப் பயன்பாட்டில் மொபைலும் டேப்லெட்டும் சேர்ந்து 51.3 சதவீதம், டெஸ்க்டாப் 48.7. முதல் தடவையாக மொபைல் முந்தியது அப்போதுதான். தகவல் சரி. ஆனால் அவர்கள் எண்ணுவது இணையப் பக்கங்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன என்பதை. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியின் பில்லிங் கம்ப்யூட்டர் காலை எட்டரைக்கு உயிர் பெற்று ராத்திரி பத்துக்கு அணையும் வரை பிரவுசரைத் திறக்காமலேயே ஒரு நாளை ஓட்டிவிடும். அந்தக் கணக்கில் அது வரவே வராது. சீனியர்கள் பதிலுக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைக் காட்டியிருப்பார்கள்: "இன்னைக்கும் டெஸ்க்டாப்தானே, செத்தா போச்சு?" அதுவும் உண்மைதான். ஆனால் கணக்குப்பிள்ளைகளும் ஆடிட்டர்களும் ஒரு தலைமுறையாகப் பழகிய டேலிக்கு இருக்கும் பிடிமானம் பதினான்கு பேர் கம்பெனிக்கு இருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தச் சண்டை பெரிய கம்பெனிகளில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. எனக்கு நேரில் சூடு பட்டது விண்டோஸ் 8. 2012 அக்டோபரில் வந்தது. மைக்ரோசாஃப்ட் டேப்லெட்டையும் போனையும் மனதில் வைத்து, ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டுத் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வைத்தது. அந்த வருடம் டவுன்ஹால் ரோட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர்களிடமிருந்து எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே கேள்வி: "சார், இதை எப்படி ஆஃப் பண்றது?" ஒரு வருடத்தில் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது, 2015-இல் விண்டோஸ் 10-இல் மெனுவே திரும்பி வந்தது. போன் பக்கம் இன்னும் மோசம். 2010-இல் விண்டோஸ் போன் 7-க்கு சில்வர்லைட் என்ற தங்கள் கருவியில் எழுதச் சொன்னார்கள். 2012-இல் எட்டாம் பதிப்பு வந்தபோது ஏழு இருந்த போன்களுக்கு அது ஏறவே ஏறாது என்றார்கள். பிறகு இன்னொரு முறை, இன்னொரு பெயர். கடைசியில் விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. நோக்கியாவின் போன் தொழிலை 2014-இல் வாங்கி, மறு வருடமே 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள். நமக்கு அது வெறும் எண் இல்லை. வரித் தகராறில் சிக்கி அந்த விற்பனைக்கு வெளியே நின்றுவிட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அங்கிருந்துதான் ஊருக்குத் திரும்பி வந்தான்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் வகை உபுண்டுவும் இதே வழியில் போனது. 2011-இல் யூனிட்டி என்ற புதுத் தோற்றம், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம் என்ற கனவு. 2017 ஏப்ரலில் போனும் வேண்டாம், யூனிட்டியும் வேண்டாம் என்று அறிவித்துவிட்டு க்னோம் என்ற பழைய திரைத் தோற்றத்துக்குத் திரும்பினார்கள். நம் நாட்டில் மிந்த்ரா 2015 மே மாதம் இணையதளத்தை மூடி, ஆப் இருந்தால்தான் துணி என்றது. 2016 ஜூனில் இணையதளத்தை மறுபடி திறந்தது. சீனியர்களுக்கு இவை போதும். ஆனால் ஃபேஸ்புக்கையும் பார்க்க வேண்டும். மொபைலுக்கு, இணையப் பக்கம் எழுதும் முறையான ஹெச்டிஎம்எல்5-ஐ நம்பியது தாங்கள் செய்த பெரிய தவறு என்று 2012 செப்டம்பரில் சுக்கர்பெர்க் பொதுமேடையில் ஒப்புக்கொண்டு, கம்பெனியையே மொபைல் பக்கம் திருப்பினார். அது பிழைத்ததா என்று கேட்கத் தேவையில்லை. ஆக, திரும்பியதால் கெட்டவர்களும் உண்டு, திரும்பியதால் பிழைத்தவர்களும் உண்டு. ஃபேஸ்புக்கில் மக்கள் செய்வது பார்ப்பது, தள்ளுவது, ஒரு வரி எழுதுவது. கட்டைவிரல் போதும். எந்த வேலைக்கு எத்தனை விரல் வேண்டும் என்று பார்க்காமல் திரும்பியவர்கள்தான் அடிபட்டார்கள் என்பது என் எண்ணம். நானும் அப்படி ஒரு அடி வாங்கியவன்.

2013-இல் நான் ஒரு கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். அதற்கு முந்தைய வருட மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கலாம். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் புழுக்கமாவது நினைவிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி விற்றவர்கள் வீடு கட்டினார்கள். அந்தச் சூட்டில் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை: டேப்லெட்டில் பில்லிங். கரண்ட் போனாலும் ஓடும், இடத்தை அடைக்காது, பார்க்கவும் அழகு. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை சம்மதித்தது. பில் போடும் திரையை எழுதியவன் நான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கொண்டுபோய் மாட்டினோம்.

அந்தக் கடையில் பில் போடும் அக்கா ஒருவர் இருந்தார். பழைய புரோகிராமில் அவர் திரையையும் பார்க்க மாட்டார், கீபோர்டையும் பார்க்க மாட்டார். இடது கையில் துணியைத் திருப்பி பார்கோடு மெஷினில் காட்டுவார், வலது கை நம்பர் கட்டைகளிலேயே இருக்கும். எண், என்டர், எண், என்டர், எஃப் 8. பார்கோடு மெஷின்கூட கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு கீபோர்டுதான்; அது படித்ததைத் தட்டச்சு செய்ததுபோல அனுப்பும், கடைசியில் ஒரு என்டரும் போடும். அதனால் அவருடைய கை நிற்கவே வேண்டியதில்லை. டேப்லெட்டில் அவர் ஒவ்வொரு துணிக்கும் குனிந்து பார்த்து விரலால் தொட வேண்டியிருந்தது. எண் போடத் தொட்டால் திரைக் கீபோர்டு எழுந்து பாதி பில்லை மூடிக்கொள்ளும். விரல் படும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. அதன்படி நான் நல்ல பிள்ளையாகச் செய்திருந்தேன். விளைவு, பழைய திரையில் இருபத்தைந்து வரி தெரிந்த இடத்தில் ஏழு வரிதான் தெரிந்தது. "முப்பதாவது அயிட்டம் ரெண்டு தடவை வந்திருச்சா பாருங்க" என்று வாடிக்கையாளர் கேட்டால் தேய்த்துத் தேய்த்துத் தேட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை கடை முதலாளி பரணில் போட்டிருந்த பழைய சிபியுவை இறக்கச் சொன்னார். எங்களைத் திட்டக்கூட இல்லை, "தீபாவளி முடிஞ்சு பேசுவோம் தம்பி" என்றார். முடிந்தபின் பேசவில்லை. தவறு எங்கள் முதலாளி மேல் மட்டும் இல்லை. நான் என் மேஜையில் உட்கார்ந்து ஐந்து அயிட்டம் போட்டுப் பார்த்துவிட்டு "ஓடுது" என்றவன். தீபாவளி பில்லில் நாற்பது அயிட்டம் வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன!

மூன்று வருடம் கழித்து நேரெதிரான ஒன்று நடந்தது. கீழமாசி வீதியில் ஒரு மளிகை டிஸ்ட்ரிபியூட்டர். அவருடைய ஆட்கள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று தினம் ஒரு லைன், அதாவது ஒரு வழித்தடத்துக் கடைகளுக்குப் போவார்கள். கடை கடையாக ஆர்டரை நோட்டில் எழுதி, ராத்திரி எட்டு மணிக்கு வந்து கொடுப்பார்கள். அதை ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கையெழுத்து புரியாமல் பத்துப் பெட்டி கேட்ட கடைக்கு நூறு போனதும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு லைன் ஆட்கள் எல்லோர் போனிலும் டேட்டா இருந்தது. ஆர்டரும் வசூலும் மட்டும் போடும் ஒரு ஆப் செய்து கொடுத்தேன். திரை அசிங்கமாக இருக்கும், இப்போது பார்த்தால் எனக்கே கூச்சம். ஆனால் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அந்த ஆளுக்கு மேஜையே கிடையாது. டிவிஎஸ் 50 சீட்தான் மேஜை. ஒரு கடைக்கு ஆறு ஏழு அயிட்டம், அவ்வளவுதான். அங்கே டெஸ்க்டாப்பைப் பற்றி யாரும் வாதாடவே முடியாது.

அதைவிட நான் எதிர்பார்க்காதது இன்னொன்று. அந்த டிஸ்ட்ரிபியூட்டர் அண்ணாச்சிக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய விற்பனை எவ்வளவு, வசூல் எவ்வளவு, எந்தக் கடையில் நிலுவை முப்பது நாளைத் தாண்டியது என்று பார்க்க ஒரு பக்கம் வைத்திருந்தேன். சும்மா, கூடுதலாக. அடுத்த வருடம் பணம் கொடுக்கும்போது அவர் பேசியது முழுக்க அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான். ஆர்டர் போடும் பகுதியை அவர் திறந்ததே இல்லை. சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், அதற்குச் செக் எழுதுகிறவர் வேறொருவர். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வேண்டியது கம்ப்யூட்டர், செக் எழுதுகிறவர் கையில் இருப்பதோ மொபைல். உங்கள் முதலாளி பார்த்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, டெஸ்க்டாப் புரோகிராமை ஒரு தடவை விற்றால் விற்றதுதான். ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை வசூலிக்கப் போனால் "ரெண்டு வருஷமா ஒண்ணும் ரிப்பேர் ஆகலையே, எதுக்குத் தம்பி காசு?" என்பார்கள். நன்றாக எழுதியதற்குக் கிடைக்கும் தண்டனை. மொபைல் என்றால் மாதச் சந்தா கேட்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தால் அதை முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். விபி 6 வெளிவந்தது 1998-இல். அதை எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இருந்தும் அதில் எழுதிய புரோகிராம் (எக்ஸ்இ ஃபைல்) விண்டோஸ் 11-இல் இன்றும் ஓடும். நான் 2003-இல் ஒரு மருந்துக்கடைக்கு எழுதியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இந்தச் சொகுசு கிடையாது. பிளே ஸ்டோரில் உள்ள ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற அளவுகோலை கூகுள் வருடா வருடம் உயர்த்திக்கொண்டே போகிறது. நீங்கள் தொடாமல் விட்டால், புது போன் வாங்கிய புது வாடிக்கையாளருக்கு உங்கள் ஆப் ஸ்டோரில் தெரியாமலே போகும். பேட்டரியை மிச்சப்படுத்த 2015-இல் ஆறாம் பதிப்பிலிருந்தும், இன்னும் கடுமையாக 2017-இல் எட்டாம் பதிப்பிலிருந்தும் பின்னணியில் ஓடும் வேலைகளை ஆண்ட்ராய்டு அடக்குகிறது. போதாததற்கு ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் பங்குக்கு அடக்கும். "சாயங்காலம் போட்ட ஆர்டர் காலையிலதான் வந்து சேருது" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மொபைலுக்குப் போகும் கம்பெனி இதற்கென்றே ஒரு ஆளின் பாதிச் சம்பளத்தை வருடா வருடம் ஒதுக்க வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு.

இப்போது நான் ரொம்ப உறுதியாகச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன்: பில் நம்பர். உங்கள் ஆபீஸில் யாராவது இதைப் பேசினார்களா? ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேட்டாபேஸ் என்று இருக்கும்வரை அடுத்த நம்பர் என்ன என்பது ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று மொபைலில் பில் போடுகிறார்கள், நெட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் 1045 என்றே போடும். நெட் வந்ததும் சர்வரில் முட்டிக்கொள்ளும். அப்போது சர்வர் நம்பரை மாற்றினால், வாடிக்கையாளர் கையில் இருக்கும் காகிதத்தில் ஒன்றும் கணக்கில் ஒன்றுமாக இருக்கும். ஜிஎஸ்டி விதி 46 இதில் தெளிவாக இருக்கிறது: நம்பர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைத்துக்கொள்ளலாம். வழி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ஒவ்வொரு மொபைலுக்கும் தனித் தொடர், முன்னால் ஒரு அடையாள எழுத்து, நிதியாண்டு, பிறகு எண். போன் தொலைந்து புதுப் போன் வந்தால் பழைய எழுத்தைக் கொடுக்காமல் புது எழுத்து கொடுக்க வேண்டும். நம்பரைப் போடுவது மொபைலாகவே இருக்க வேண்டும், சர்வர் அல்ல. போனின் தேதியை யாராவது மாற்றி வைத்திருந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் என்ன ஆகும் என்றும் இப்போதே யோசிக்க வேண்டும். வாடிக்கையாளர் பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். திருத்தம் ஐந்து போனிலிருந்து வரும்போது அந்தப் பதிவும் அதற்கேற்ப மாற வேண்டும்.

அடுத்தது தமிழ். விண்டோஸில் பிரிண்டர் டிரைவர் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடும், நாம் யோசித்ததே இல்லை. லைன் ஆட்கள் இடுப்பில் மாட்டும் சின்ன புளூடூத் தெர்மல் பிரிண்டருக்கு மொபைலிலிருந்து நேரடியாக எழுத்தை அனுப்பினால் ஆங்கிலம் வரும், தமிழ் வராது. அதற்குள் தமிழ் எழுத்தே இல்லை. பில்லை நீங்களே படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். இரண்டு அங்குலப் பிரிண்டரில் குறுக்கே 384 புள்ளி. 'கொத்தமல்லி' என்ற ஒரு சொல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அன்றுதான் தெரியும். இதைவிடப் பெரிய தலைவலி பழைய டேட்டா. 2000-களில் ஆரம்பித்த கடைகளில் அயிட்டம் பெயர்கள், எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடில் இருக்காது. பாமினி மாதிரியான ஃபான்ட்டிலோ, டேப் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டிலோ இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் போட்டிருப்பதால் தமிழாகத் தெரியும். மொபைலுக்குப் போனதும் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். "ஆப் சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்றால், கற்றது செல்லாக்காசு ஆகிவிடுமா என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. இந்தச் சிக்கல்களில் எதுவும் மொபைல் ஆப் எழுதும் கோட்லினிலோ ஃப்ளட்டரிலோ இல்லை. கடையில் இருக்கிறது. ஆறு வருடம் கடைக்குப் போய் வந்த ஆளுக்குத்தான் இது தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நம் தொழிலில் பெரும்பாலான விபி டாட் நெட் புரோகிராம்களில் வரிக் கணக்கும், ரவுண்ட் ஆஃபும், தள்ளுபடியும் பட்டன் கிளிக்குக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த நிலையில் உங்கள் அறிவும் அந்தத் திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்து, எந்தத் திரையிலிருந்தும் கூப்பிடக்கூடிய தனி லைப்ரரியாக எடுங்கள். எடுத்தது சரியா என்று பார்க்க நல்ல வழி: ஒரு கடையின் போன வருடப் பில்கள் எல்லாவற்றையும் புதுக் கணக்கில் ஓட்டி, ஒவ்வொரு பில்லின் தொகையும் பைசா சுத்தமாக ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராத இருபது முப்பது பில் கட்டாயம் வரும். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு கடைக்காரர் ஏதோ ஒரு மார்ச் மாதம் சண்டை போட்டுச் செய்ய வைத்த மாற்றம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதி வைக்கிற ஆளை எந்த முதலாளியும் இழக்க மாட்டார், டெஸ்க்டாப் என்றாலும் மொபைல் என்றாலும்.

எந்தக் கருவியில் எழுதுவது என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. டாட் நெட் ஆட்கள் பலர் மைக்ரோசாஃப்டின் மொபைல் கருவியான சாமரினுக்குப் போனார்கள், 2024 மே 1-இல் அதன் ஆதரவு முடிந்து அதற்குப் பதிலாக வந்த மாய் என்ற கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. கூகுளின் ஃப்ளட்டர் 2022-இலிருந்து விண்டோஸுக்கும் நிலையாக இருக்கிறது, அது உங்களுக்கு வசதி. ஆனால் கூகுள் எதை எப்போது மூடும் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. மூன்று நான்கு மாதத்தில் எதையும் கற்றுக்கொள்ளலாம்.

சந்தேகமான பக்கம் இனிமேல்தான். கடைக்காரர்கள் மாதச் சந்தா கட்டுவார்களா? நகைக்கடை கட்டும், பெட்டிக்கடை கட்டாது, நடுவில் உள்ளவர்களைப் பற்றி நான் எடுத்த முடிவுகள் பாதி தப்பாகப் போயிருக்கின்றன. இன்னொரு பயம் எனக்கு அதைவிடப் பெரிது. உங்கள் கம்பெனியை இந்த ஊரில் வைத்திருப்பது சாஃப்ட்வேர் இல்லை, போன் போட்டால் பைக்கில் ஒரு பையன் வந்து நிற்கிறான் என்பது. பிளே ஸ்டோருக்குப் போனால் நாடு முழுக்க உள்ளவர்களோடு மோத வேண்டும், அங்கே இலவசமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மொபைலில் பெயர் வாங்கிய வியாபார் என்ற பில்லிங் ஆப்பே விண்டோஸ் பதிப்பையும் விற்கிறது என்பதை உங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் இந்த நேரம் முக்கியமானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கடைகளில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் நிறைய, விண்டோஸ் 11-ஐ ஏற்காதவை. அந்த சிபியு படுத்தால் கடைக்காரர் புதுசு வாங்குவாரா, இல்லை "போன்லயே ஏதாவது இருக்கா தம்பி?" என்பாரா? மொபைலா டெஸ்க்டாப்பா என்பதை உங்கள் ஆபீஸ் முடிவு செய்வதற்குள் இந்தக் கேள்வி சில கடைகளில் முடிந்துவிடும்.

வேலையை விடுவதா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இப்போது விட வேண்டாம் என்பேன். முதலாளியிடம் போய் மொபைல் வேண்டாம் என்று பேசாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை பில், ஒரு பில்லுக்கு எத்தனை வரி என்று டேட்டாபேஸிலிருந்தே எண்ணி ஒரு தாளில் கொண்டுபோய் வையுங்கள். நூறு பில்லுக்கு மேல் போடும் கடைகளுக்குக் கவுன்டரில் கம்ப்யூட்டர் அப்படியே இருக்கட்டும், முதலாளிக்கு மட்டும் மொபைல். லைன் போகிறவர்களுக்கு மொபைல். சின்னக் கடைகளுக்கு மொபைல் மட்டும் என்று பிரித்துக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் கவுன்டர் புரோகிராமை அடியோடு கைவிடுவேன் என்று அவர் சொன்னால், அப்போது இலந்தைக்குளம் எல்காட் ஐடி பூங்கா பக்கம் விண்ணப்பம் போடலாம், தப்பில்லை. சீனியர் ஒருவரையும் ஜூனியர் ஒருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து அந்தப் பில் நம்பர் விஷயத்தை மட்டும் தீர்க்கச் சொல்லுங்கள், அதை யாராலும் தனியாகத் தீர்க்க முடியாது. உங்கள் டேட்டாபேஸில் தமிழ் எந்த ஃபான்ட்டில் இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். பாமினி, டேப் இரண்டுக்கும் யூனிகோடுக்கு மாற்றும் சின்ன புரோகிராம் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களில் மட்டும் ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.